மூன்றாம் நாள் பால்

ஊசி போட்டாயிற்று. நாலு யூனிட். மிருதுளாவேதான் போட்டுக்கொண்டாள், ஒன்பது வயசுக்காரி, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, பேனாவை அழுத்தி, உதட்டுக்குள் பத்து எண்ணி, எடுத்து, மூடியைப் போட்டு, என்னைப் பார்த்து "ம்" என்றாள். இனி பதினைந்து நிமிஷம். மருந்து உள்ளே போய்ப் பாய் விரித்து உட்கார அவ்வளவு நேரம் வேண்டுமாம், அதற்குள் இட்லி போனால் சர்க்கரை முந்திக்கொள்ளும். எதிரே தட்டில் மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி, ஆவி இன்னும் அடங்கவில்லை, பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்க்காத மாதிரிப் பார்க்கிறாள். இந்தப் பதினைந்து நிமிஷமும் என் பொறுப்பு. மூன்று வருஷமாய் இந்தப் பொழுதைப் பொய் சொல்லித்தான் ஓட்டுகிறேன். "ஆரம்பிங்க தாத்தா." ஆரம்பித்தேன். சிவகிரியில் ஒரு காளை, பெயர் வெள்ளையப்பன், அது தும்மினால் நாற்பத்தியிரண்டு அடி தள்ளிக் காய்கிற வேட்டி பறக்கும், ஒருநாள் எங்கள் கால்நடை டாக்டர் தொப்பி பறந்து செங்கோட்டை ரயிலில் விழுந்து கொல்லம் வரைக்கும் டிக்கெட் இல்லாமல் போயிற்று, அப்போது நான்தான் கம்பவுண்டர். "நேத்து முப்பத்தெட்டு அடின்னீங்க." நேற்று அதுக்கு ஜலதோஷம் குறைச்சல்டி. சிரித்தாள். ஆனால் எனக்கு இன்றைக்குக் காளை நகர மாட்டேன் என்கிறது. காதெல்லாம் சமையலறையில் இருக்கிறது, அங்கே செம்பா, என் மருமகள் செண்பகவல்லி, குழைய வடித்த சோற்றை மத்தால் மசித்துக்கொண்டிருக்கிறாள், தட் தட் என்று அந்தச் சத்தம், ஒவ்வொரு தட்டும் என் நெஞ்சுக்கூட்டில். நேற்றோடு சின்னவள் பூரணிக்கு ஆறு மாசம் முடிந்துவிட்டது. இன்றைக்கு முதல் சோறு. காலையிலேயே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சொன்னாள்: "மாமா, பூரணிக்கு முதல் வாய் நீங்க ஊட்டிருங்க. என் கை வேண்டாம்." ஏன்மா என்றேன். "என் கை ராசியில்ல. உங்க கைதான் இந்த வீட்டுக்கு உசிரு குடுத்த கை." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் கையைப் பார்த்தேன். நகம் வெட்டியிருந்தது, சுத்தமாய்த்தான் இருந்தது. சுத்தமாய் இருந்தால் ஆயிற்றா.

"தாத்தா, தொப்பி கொல்லத்துல எறங்குச்சா?" எறங்குச்சு, எறங்கி அங்கே ஒரு முந்திரி வியாபாரி தலையில் ஏறிக்கொண்டது என்று வாய் சொல்லிக்கொண்டே போகிறது, வாய்க்கு என்ன, அது என்னைக் கேட்டா பேசுகிறது. தன் கை ராசியில்லையாம். அவள் கைக்கு என்ன குறைச்சல். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணக்குப் போட்டுக் காட்டுகிற கை, பள்ளிக்கூடத்தில் செண்பகவல்லி டீச்சர் என்றால் பயல்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார்கள், அந்தக் கைக்குத்தான் அவள் தீர்ப்பு எழுதிவிட்டாள். மிருதுளா பிறந்து நாலாம் மாசம் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது; பால் எடுத்து வைத்தால் பத்தவில்லை; பால்பவுடர் டின்னைத் திறந்தாள். எல்லார் வீட்டிலும் திறக்கிற டின்தான். ஆறு வயசில் பிள்ளைக்குச் சர்க்கரை வந்தது, அதுவும் எனக்கெல்லாம் வருகிற கிழட்டுச் சர்க்கரை இல்லை, உடம்பே தன் உடம்பின் மேல் படையெடுத்து, இன்சுலின் சுரக்கிற இடத்தை அழித்துவிட்டுப் போகிற சர்க்கரை. அன்றையிலிருந்து போனில் படிக்கிறாள். மிகச் சின்ன வயசிலேயே பசும்பால், பவுடர் பால் கொடுத்தால் இந்தச் சர்க்கரை வரலாம் என்று எவனோ எழுதியிருக்கிறான், வராது என்று இன்னொருவன் எழுதியிருக்கிறான், அவள் முதலாமவனை மட்டும் நம்புகிறாள். தனக்கு எதிரான சாட்சியை மட்டும் கூப்பிடுகிற நீதிபதி. பூரணிக்கு இந்த ஆறு மாசமும் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. லீவு இன்றோடு முடிகிறது. மேஜைமேல் கடுதாசி இருக்கிறது, வேலையை விடுகிறேன் என்று, நேற்றே எழுதி மடித்துவிட்டாள், நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாள். என் மகன் குமரேசனுக்குத் தூத்துக்குடியில் ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி, போனில் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டான். இஷ்டமாம். கணக்கு இல்லாமல் அவள் எப்படி இருப்பாள், சின்னவள் தொட்டில் ஆடுகிறதைக்கூட எண்ணிக்கொண்டு இருப்பவள். பிறந்த பிள்ளை நாக்கில் முதல் இனிப்பு வைப்பதைச் சேனை என்பார்கள், வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வருமாம். எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள்: "மிருதுக்குப் பிறந்தவுடனே சேனை வச்சது யாரு? தாத்தாவா? சீனித்தண்ணியத் தொட்டு வச்சீய, சீனி வந்துட்டு பாத்தீயளா." நான் உரக்கச் சிரித்தேன். ஆமாம்மா, உங்க மகனுக்குச் சேனை வச்சது யாரு, கும்பகர்ணனா, பத்து மணி வரைக்கும் தூங்குதானே என்றேன். அவள் முறைத்துவிட்டுப் போய்விட்டாள். அத்தனை சத்தமாய் ஏன் சிரித்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சேனைக்காக இல்லை. ஒரு சொட்டுச் சீனித்தண்ணீர் ஒன்றும் செய்யாது. பால். மூன்றாம் நாள் பால்.

அரை டம்ளர். அரை டம்ளர்கூட இருக்காது. மூன்றாம் நாளா, இரண்டாம் நாளா? மூன்றாம் நாள்தான், ஆடி வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிக்கு வெளியே அம்மன் கோவில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. செம்பாவுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள், பால் ஊறவில்லை, நர்ஸ் வந்து வந்து பிள்ளையை மாரில் வைத்துப் பார்த்தாள், ஊறும்மா, சப்பச் சப்பத்தான் ஊறும், வேறே ஒன்றும் கொடுத்துவிடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். பிள்ளை அழுதது. அழுது அழுது குரல் கம்மி, பூனைக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. முப்பத்தாறு வருஷம் கன்றுக்குட்டி பார்த்தவன் நான். கன்று விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போகவேண்டும், போகாத கன்று நிற்காது, எத்தனை தொழுவத்தில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன், அந்தப் பாடம் என் எலும்பில் ஊறியது, மூன்று நாள் ஆயிற்றே, மூன்று நாள் ஆயிற்றே என்று எலும்பு கத்தியது. மேலப்பாளையத்தில் தெரிந்தவர் தொழுவத்தில் அன்று காலை ஒரு மாடு ஈன்றிருந்தது. போனேன். வாங்கினேன். கொதிக்க வைத்தால் சீம்பால் கட்டியாகிவிடும், ஆகவே டம்ளரை வெந்நீரில் நிறுத்தி இளஞ்சூடாக்கி, தண்ணீர் கலந்து, மருந்துக்கு வைத்திருந்த பாலாடையில் ஊற்றி, செம்பா வலி மருந்து மயக்கத்தில் கிடக்கிறாள், குமரேசன் மருந்து வாங்கப் போயிருக்கிறான், மடியில் பிள்ளை, உதட்டோரம் சாய்த்தேன். முதலில் நாக்கால் தள்ளியது. அப்புறம் குடித்தது. எப்படிக் குடித்தது! கண்ணை மூடிக்கொண்டு, என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு. கன்றுக்கு ஆகிறது பிள்ளைக்கு ஆகாதா என்று நினைத்தேன் பார், அதுதான் கம்பவுண்டர் மூளை. பச்சைப் பால், மூன்று நாள் சிசு. இன்றைக்கு எவனாவது அப்படிச் செய்தால் நானே பிரம்பெடுப்பேன். டம்ளரைக் கழுவினேன். யாரிடமும் சொல்லவில்லை. என்ன நிறம் அந்த மாடு? கருப்பா, செவலையா, நெற்றியில் சுட்டி இருந்ததா? ஊரில் பார்த்த மாடெல்லாம் கொம்போடும் மணியோடும் நினைவில் நிற்கிறது, இந்த ஒரு மாடு மட்டும் மடியாய் மட்டும் நிற்கிறது, மடியும் நாலு காம்பும், மேலே ஒன்றும் இல்லை, முகமே இல்லை. இருந்தால் கேட்கலாம், நீதானா என்று. டின்னுக்கு முன்னால், நாலாம் மாசத்துக்கு வெகு முன்னால், மூன்றாம் நாளே உள்ளே போயிருக்கிறது என் பால். அவள் படிக்கிறவன் எழுதியது உண்மையானால் குற்றவாளி நான். மூன்று வருஷமாய் அவள் கூண்டில் நிற்கிறாள், நான் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து காளைக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு தாத்தா?" ஏழு. "பொய்." நிஜமாய் ஏழுதான். தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். சமையலறையில் நெய் உருகுகிற வாசம். நெய்யும் மாட்டிலிருந்துதான், எங்கே போனாலும் மாடு. உசிரு குடுத்த கை என்றாளே, அதுவும் மாட்டால் வந்ததுதான். மிருதுளாவுக்கு ஆறு வயசு நடக்கிறபோது படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள், குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தாள், பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, குளியலறையில் எறும்பு சாரை சாரையாய் வந்தது, நாங்கள் மருந்துப் பொடி தூவினோம், எறும்புக்கு! ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வாந்தி என்று அனுப்பிவிட்டார்கள். செம்பா மடியில் போட்டுக்கொண்டு காய்ச்சல் பார்த்தாள், இல்லை. நான் குனிந்தேன். மூச்சு நீளமாய் இழுத்து இழுத்து வந்தது. மூச்சில் ஒரு வாசம். அழுகின பழ வாசம். அந்த வாசம் எனக்குத் தெரியும். கன்று போட்டு நிறையக் கறக்கிற மாடு தீனி எடுக்காமல் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், வாயருகே மூக்கை வைத்தால் இதே வாசம், உடம்பு சர்க்கரை கிடைக்காமல் தன் கொழுப்பையே எரித்துக்கொண்டிருக்கிற வாசம். எழுந்திரு என்றேன். செருப்புகூடப் போடவில்லை. ஆட்டோவில் போகும்போது செம்பா கேட்கிறாள், என்ன மாமா, என்ன மாமா என்று, மாட்டு நோய் என்றா சொல்வேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால் கஷ்டம் என்றார்கள். அன்றையிலிருந்து என் மருமகள் எனக்கு முதல் காப்பி கொடுத்துவிட்டுத்தான் தான் குடிக்கிறாள். மூன்று வருஷக் காப்பி. ஒவ்வொரு வாயும் இனிப்பாய்த்தான் இருக்கிறது, ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்றுதான் இறங்குகிறது. ஆனாலும் நன்றி இல்லாமல் இல்லை. காலையில் கண் விழித்ததும் நான் சாமி பெயர் சொல்வதில்லை, அந்தப் பேனாவைப் பார்த்துத்தான் கும்பிடுகிறேன். முன்னே இந்த மருந்தை மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும்தான் எடுத்தார்களாம், இப்போது கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைக் கொப்பரையில் வளர்த்துச் செய்கிறார்களாம். எங்கோ எவரோ முகம் தெரியாத மனுஷர் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று சூடு பார்க்கிறார், பிள்ளை இங்கே பாண்டி ஆடுகிறது. அவருக்கு நல்ல சாப்பாடு கிடைக்கட்டும்.

ஒரு தடவை டாக்டரம்மாவிடம் தனியாய்க் கேட்டேன். நேரே கேட்க வாய் வருமா. என் சிநேகிதர் ஒருத்தர், ஆலங்குளத்துக்காரர், பேத்திக்குப் பிறந்த மூன்றாம் நாள் மாட்டுப்பால் கொடுத்துவிட்டார், இப்போது பேத்திக்கு இந்தச் சர்க்கரை, ராத்தூக்கம் இல்லாமல் அலைகிறார் என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பசும்பால்தான் காரணமோன்னு ரொம்ப நாளா சந்தேகம் உண்டு தாத்தா. ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வருஷக்கணக்கா பார்த்துட்டாங்க. ஒரு ஆராய்ச்சி ஆமாங்கும், இன்னொண்ணு இல்லைங்கும். பாலையே மாத்திக் குடுத்துப் பெருசா ஒரு சோதனை பண்ணினாங்க, வித்தியாசம் தெரியல. தாய்ப்பால் நல்லது, ஆறு மாசம் வரைக்கும் அதுதான். பச்சைப் பால் குடுத்தது தப்பு, வேற நோய் வந்திருக்கும். ஆனா இந்தச் சர்க்கரைக்கு இவர்தான் காரணம்னு யாரையும் கை காட்ட முடியாது. பரம்பரை உண்டு, கிருமி உண்டு, தெரியாதது நிறைய உண்டு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஆலங்குளத்துக்காரரை நல்லாத் தூங்கச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அசந்து தூங்கினேன். அடுத்த நாள் விழித்தபோது, தெரியாதது நிறைய உண்டு என்ற வார்த்தை மட்டும் என் பக்கத்தில் படுத்திருந்தது. தெரியாது என்பதற்குள் எத்தனை மாடு கட்டலாம். இதே பதிலைத்தான் செம்பாவுக்கும் அந்த அம்மா சொல்லியிருக்கிறார், இவளும் தலையாட்டிவிட்டு வந்து டின்னை நினைத்துத்தான் அழுதாள். பரிகாரம் வேண்டியிருக்கிறது மனசுக்கு. அவளுக்குப் பரிகாரம் அந்தக் கடுதாசி. எனக்குப் பரிகாரம் பொய்க்கதை. இப்போது கிண்ணத்தோடு வரப்போகிறாள், ராசியான கை என்று என் கையைத் தேடி வரப்போகிறாள், மூன்றாம் நாள் நாக்கைத் தொட்ட அதே கை. நீட்டுவேனா. நீட்டினால் இந்தப் பொய் மற்றதெல்லாம் மாதிரி சிரித்துவிட்டுப் போகாது. சொன்னால் காப்பி நின்றுபோகும். நிற்கட்டுமே. காப்பியா பெரிது. காப்பிதான் பெரிது, காப்பி தருகிறபோது அவள் முகம்.

போனில் மணி அடித்தது, பதினைந்து. மிருதுளா இட்லியில் பாய்ந்தாள். அதே சமயம் செம்பா வெள்ளிக் கிண்ணத்தோடும் பூரணியோடும் வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். சின்னவள் கிண்ணத்தைப் பிடிக்கக் கையை வீசினாள். "பிடிங்க மாமா. ஒரு பருக்கை போதும், நாக்குல வைங்க." என் கை மடியிலேயே கிடந்தது. செம்பா, என்றேன். "மிருது பொறந்த மூணாம் நாள் ஆஸ்பத்திரியில நான் அவளுக்கு மாட்டுப்பால் குடுத்தேன். நீ மயக்கத்துல இருந்த. சீம்பால். தண்ணி கலந்து, பாலாடையில." அவள் என்னைப் பார்த்தாள், அப்புறம் மேஜைமேல் இருந்த கடுதாசியைப் பார்த்தாள், அப்புறம் சிரித்தாள், ஈரமான சிரிப்பு. "எனக்காகச் சொல்லுதீய. நான் வேலையை விடக் கூடாதுன்னு." இல்லம்மா, சத்தியம். "உங்க சத்தியத்தை எனக்குத் தெரியாதா? போன வாரம் எருமை ஒண்ணு வெள்ளத்துல நீந்திப் போயி ஊருக்கெல்லாம் தபால் குடுத்துச்சுன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினீய." எழுபத்திரண்டு வயசுக்கு ஒரே ஒரு நிஜம் சொன்னேன், அதை வாங்க ஆள் இல்லை. விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அவளே பொய் என்று சொல்லிவிட்டாள், என் மேல் என்ன தப்பு. அப்போது மிருதுளா இட்லி வாயோடு சொன்னாள்: "அம்மா, இது நெசம்." உனக்கெப்படித் தெரியும் என்றாள் செம்பா. "பொய்யா இருந்தா மாட்டுக்குப் பேரு இருக்கும். எத்தனை லிட்டர் கறக்கும்னு கணக்கு இருக்கும். தாத்தா, அந்த மாடு என்ன கலரு?" எனக்கு மறந்துட்டு பிள்ளே, என்றேன். "பாத்தியாம்மா."

செம்பா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். திட்டுவாள், எழுந்து போவாள், இனி இந்த ஆள் கையில் பிள்ளையைத் தர மாட்டேன் என்பாள், சொல்லட்டும், சொன்னால் சரி என்று தலையாட்ட வேண்டியதுதான். "குடிச்சாளா?" என்றாள். குடிச்சா. "அழுதாளா?" இல்ல, தூங்கிட்டா. தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "அன்னிக்குச் சாயங்காலம் நான் முழிச்சப்ப பிள்ளை அமைதியா தூங்குச்சு மாமா. எனக்குத்தான் பால் சுரந்துட்டு, வயிறு நிறைஞ்சு தூங்குதுன்னு நினைச்சேன். நர்ஸ்கிட்டக்கூடப் பெருமையாச் சொன்னேன். அந்தத் தைரியத்துல ராத்திரி முழுக்க மாரோட வச்சுக்கிட்டுக் கிடந்தேன், விடியக்காலம் நெசமாவே ஊறுச்சு." பூரணியை இறுக்கிக்கொண்டாள். "மூணு வருஷம் மாமா. நான் டின்னை நினைச்சுச் செத்துக்கிட்டிருக்கேன், நீங்க பக்கத்து ரூம்புல மாட்டை நினைச்சுச் செத்துக்கிட்டிருந்தீயளா? வாயைத் திறந்தா அருவியா கொட்டுதீய, இதைச் சொல்ல வாயில்லையா?" எந்தக் காளையும் வரவில்லை. மிருதுளா இரண்டாவது இட்லியைக் கையில் வைத்தபடியே எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "எனக்குத்தான சுகரு, நீங்க ரெண்டு பேரும் எதுக்கு அழுதீய?" அப்புறம் ஏதோ கணக்குப் போட்டவள் மாதிரிக் கண்ணைச் சுருக்கினாள். "மூணு நாளா பசியோடயா கெடந்தேன்? எனக்குப் பதினஞ்சு நிமிஷமே தாங்க மாட்டேங்குது. நல்ல வேளை தாத்தா வந்தீய." சொல்லிவிட்டு இட்லியைச் சட்னியில் தோய்த்தாள், அவளுக்கு அவ்வளவுதான், வழக்கு முடிந்தது, தீர்ப்பு சொன்னவர் சாப்பிடப் போய்விட்டார்.

பசித்த பிள்ளைக்குக் கொடுத்தோம் என்று மிருதுளா சொன்னபிறகுதான் எனக்கே உறைத்தது. மூன்று வருஷமாய்ப் பாலையே நினைத்தேன், பசியை மறந்துபோனேன், அந்தக் கம்மின குரலை மறந்துபோனேன், என் சுண்டுவிரலைப் பிடித்த பிடியை மட்டும் மறக்கவில்லை. செம்பா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மூக்கை உறிஞ்சினாள், டீச்சர் குரல் திரும்பி வந்தது. "நாளைக்கு எட்டரைக்கு பஸ். முதல் பீரியடு ஒம்பதாம் வகுப்பு. பூரணிக்குப் பால் எடுத்து வச்சுட்டுப் போவேன். மத்தியானம் இந்தச் சோறு. பத்தலைன்னு அழுதான்னா..." நிறுத்தினாள். "டின்னைத் திறந்து, கொதிச்சு ஆறின தண்ணியில கரைச்சுக் குடுங்க. மாட்டுப் பக்கம் மட்டும் போகாதீய." சரிம்மா என்றேன். பொய் கலக்காமல் சரி என்று சொல்ல எவ்வளவு லேசாக இருக்கிறது, பல் இல்லாத வாயால்கூடச் சொல்லலாம். அவள் பூரணியைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்தாள், ஆனால் கிண்ணத்தை என்னிடம் தரவில்லை. "பிடிச்சுக்கோங்க மாமா, நான் ஊட்டுதேன்." கையைக் கழுவிவிட்டு வந்தாள். நெய்யும் பருப்புத் தண்ணியும் சேர்ந்த சோற்றில் விரல் நுனியால் ஒரு துளி எடுத்தாள். சின்னவள் நாக்கில் வைத்தாள். பூரணி முகத்தைச் சுளித்தாள், புருவத்தை ஏற்றினாள், எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தாள், நாக்கால் தள்ளினாள், பாதி என் வேட்டியில் விழுந்தது. மறுபடி வைத்தாள். கன்னம் அசைந்தது. தொண்டையில் சின்னதாய் ஒரு இறக்கம், அது என் உள்ளங்கை வரைக்கும் தெரிந்தது. விழுங்கிவிட்டாள். அப்புறம் அம்மாவின் கையை நோக்கி முழு உடம்பையும் முன்னால் தள்ளி, வாயை ஆவென்று திறந்தாள்.